குடியிருப்போர் சங்க ஆண்டறிக்கை 2024–25: வேலி நோட்டு உட்பட

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்குப் போன வருடம் போலவே இதன் நகல் வீடு தேடி வரும்.

நிர்வாகக் குழு ஆறு முறை கூட்டப்பட்டது, நான்கு முறை கூடியது. பொங்கல் விளையாட்டு நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. இரண்டாம் வீதியில் எரியாமல் கிடந்த மூன்று விளக்குகள் இப்போது எரிகின்றன. உப்புத் தண்ணீர் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) கெட்டுப்போய் ஒரு முறை திரும்பக் கட்டினோம். மற்றவை மினிட் நோட்டில் இருக்கின்றன.

இனி வேலி விஷயம். "செயலாளருக்கு வேற வேலை இல்லீங்க" என்று பேச்சு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் குடியிருப்பு மனை பிரிக்கும் முன் கொறங்காடாக, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலமாக இருந்தது பலருக்கும் தெரியும். கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை என்ற முள்மர வேலி. காங்கயம் மாடு மேய்ந்த இடம். மேற்கே இட்டேரி (இருபுறமும் வேலி உள்ள வண்டிப்பாதை) ஓரத்தில் அந்தக் கிளுவை இன்னும் நிற்கிறது. உள்ளே மட்டும் ஆளுக்கொரு தினுசு: கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பி, கம்பி வலை, சிலருக்குக் கிளுவைப் போத்து (வெட்டி நட்ட கிளை).

சித்திரையில் அடித்த காற்றில் மூன்றாம் வீதியில் இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த வேலி சாய்ந்தது. ஆடு புகுந்து முருங்கையையும் கருவேப்பிலையையும் மொட்டையடித்தது. "உங்க வேலிதானுங்க, நீங்கதான் எடுத்துக் கட்டோணும்" என்றார் இவர். "எங்க வேலின்னு எங்கீங்க எழுதியிருக்குது?" என்றார் அவர். வீட்டைப் பார்த்து நின்றால் வலது பக்க வேலி நம்முடையது, இடது பக்கம் அடுத்தவருடையது என்று ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். வக்கீலிடம் கேட்டேன். அப்படி ஒரு சட்டம் கிடையாது, பத்திரம் என்ன சொல்கிறது, வேலிக்கால் யார் இடத்தில் நிற்கிறது, யார் காசு போட்டது என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். சரி என்று, கொடுத்தவர்களிடம் பத்திரங்களை வாங்கிப் பார்த்தேன். செக்குபந்தி (நான்கு எல்லை விவரம்) இருக்கிறது, கிழமேல் ஜாதியடி (அடி அளவு) 40, தென்வடல் ஜாதியடி 60 என்று அளவு இருக்கிறது. வேலி பற்றி ஒரு வரி கூட இல்லை. இரண்டே இரண்டில் பொதுச்சுவர் என்று இருந்தது.

அப்புறம்தான் வேலி நோட்டு போட்டேன். இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு வேலிக்கும் ஒரு பக்கம். கால் யார் மனைக்குள் நிற்கிறது, செலவு யாருடையது, சாய்ந்தால் யார் நிமிர்த்துவது, கிளுவையை யார் கழிப்பது, கழித்த முள்ளை எங்கே போடுவது (சண்டையில் பாதி இதில்தான் வருகிறது). கால் ஒருவர் மனைக்குள் இருந்தால் வேலி அவருடையது. சரியாகக் கோட்டின் மேல் இருந்தால் ஆளுக்குப் பாதி. கீழே இருவரின் கையெழுத்து. இதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வேலி தள்ளிப் போனால் ஒரு அடிதானே என்பவர்களுக்கு: 60 அடி நீளத்துக்கு ஒரு அடி என்றால் 60 சதுர அடி, ஒரு குளியலறையை விடப் பெரிது. கிளுவையோ சும்மா நிற்காது. ஒரு பக்கமே கழித்துக்கொண்டிருந்தால் மறு பக்கம் சாய்ந்து, அடி பெருத்து, மெல்ல நகர்ந்துவிடும். அடுத்தவர் இடத்தைத் தனதென்று 12 வருடம் தடையில்லாமல் அனுபவித்து வந்தவர், 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தைக் காட்டி உரிமை கேட்க வழி இருக்கிறது. அளவைக் கல்லைக் காப்பது பட்டாதாரர் பொறுப்பு என்று 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டமே சொல்கிறது. நம் வீதிகளில் தேடியபோது ஒரு கல் துணி துவைக்கும் இடத்தில் கிடந்தது.

நான்கு எல்லைகளை அளந்து காட்ட மனுப் போட்டு, அந்தக் கட்டணத்தைச் சங்கப் பணத்தில் கட்டியதற்கு இரண்டு உறுப்பினர்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள். பதிவு செய்திருக்கிறேன். அந்த நான்கில் ஒன்று அவர்களுடைய எல்லை என்பதையும் பதிவு செய்திருக்கிறேன்.

மொத்தம் 71 பக்கங்கள். 33இல் கையெழுத்து ஆகிவிட்டது. மீதியில் சில வீடுகளுக்கு ஐந்து முறை போயிருக்கிறேன். காபி கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. ஒரு பக்கத்தில் இரு தரப்பும் பங்காளிகள். ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் பேச்சுவார்த்தை ஆரம்பித்ததாகிவிடும் என்று யோசிக்கிறார்கள். 14ஆம் பக்கம் என் வீட்டு வடபுற வேலி. அதுவும் காலியாகத்தான் இருக்கிறது. யாரும் சொல்லிக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டுக்காரர் இந்த மேடையில் இருப்பதால் அதற்கு மேல் பேசவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு செலவுக்கு ஏறக்குறைய சரியாக இருந்தது. மோட்டார் மாதத்தில் மட்டும் இல்லை. சந்தா மாதம் 100 ரூபாய். 17 வீடுகள் பாக்கி, அதில் சில மூன்று வருடமாக. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. புது கேட்டுக்குக் கிரானைட் பதித்த வீடும் பட்டியலில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மண்டபம் தந்தவருக்கும், நாற்காலி போட்டவர்களுக்கும், தணிக்கை செய்தவருக்கும், கோயில் மைக் செட் கொடுத்து உதவியவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நான் தொடர்வதா இல்லையா என்பது பொதுக்குழுவின் விருப்பம். வயது 64 ஆகிறது, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. இளைஞர்கள் யாராவது முன்வந்தால் சாவி, முத்திரை, நோட்டு மூன்றையும் இன்றைக்கே ஒப்படைத்துவிடுகிறேன். யாரும் வராவிட்டால் ஐப்பசி மழைக்குள் மீதி 38 பக்கங்களையும் முடிக்கப் பார்க்கிறேன், ஈரத்தில்தான் போத்து நட முடியும். நோட்டு என் வீட்டுத் திண்ணையில் காலை 7 முதல் 9 வரை இருக்கும். பேனாவும் இருக்கும். சந்தா ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்