கைரேகை வைத்த பிறகும் நான்கு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகத் தொழிலாளர்கள் படும் பாடு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில், வங்கதேசத்தில் இடிந்து விழுந்த ராணா பிளாசா என்ற தையல் ஆலைக் கட்டடத்தைப் பற்றி இரண்டே வரி எழுதி நகர்ந்துவிட்டது எனக்கு வருத்தம். 2013 ஏப்ரல் 23 அன்றே அந்தக் கட்டடத்துச் சுவரில் விரிசல் தெரிந்துவிட்டது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. மறுநாள் காலையில், வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டித் தையல் தொழிலாளர்களை உள்ளே ஏற்றினார்கள். கட்டடம் இடிந்து 1,134 உயிர்கள் போயின. விரிசலை எல்லோரும்தான் பார்த்தார்கள். வர மாட்டேன் என்று சொல்லும் துணிச்சலைத் தையல்காரப் பெண்ணுக்கு யார் கொடுத்தார்கள்?

நான் புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரி. அப்பா மில்லில் தறி ஓட்டியவர். இரைச்சலில் காது மந்தமாகி, வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால், அம்மா அடுப்பில் உலை வைப்பாள். சோறு வடிப்பதற்குள், தலையெல்லாம் பஞ்சோடு அவர் வாசலில் நிற்பார். ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு, தியாகிகளுக்கு மாலை போடும் இடத்துக்கு என்னையும் கையைப் பிடித்து அழைத்துப் போவார்.

1936இல் அதே நாளில்தான் சவானா மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டது. 12 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவும் தோழர்களும் விடவில்லை. 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கடலூரில், ஆலைக்காரர் பத்து மணி நேரம் வேலை வாங்கச் சட்டமே இடம் கொடுத்த காலம் அது.

இப்போது எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைப் பாருங்கள். வயது 24. ஒப்பந்தக்காரர் மூலம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. எட்டு மணிக்கு உள்ளே போனால் அதிகாலை நான்கு மணிக்குக் கைரேகை வைத்து, வேலை முடிந்ததாகப் பதிவு செய்ய வேண்டும். வைத்துவிட்டு, மறுபடி இயந்திரத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும், காலை எட்டு மணி வரை! கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்கிறது சட்டம். அவன் சம்பளச் சீட்டில் கூடுதல் நேரம் என்ற இடம் மாதாமாதம் காலியாகவே இருக்கிறது. "கேட்டால் நாளைக்கு வர வேண்டாம் என்பார்கள், அத்தை" என்கிறான். போன வாரம் தட்டில் போட்ட இட்லியைத் தொடாமலே, காலணியோடு திண்ணையில் தூங்கிப்போனான்.

2024 ஜூனில் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்ததில் குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள். அதில் எழுவர் தமிழர்கள். கடலூர் மாவட்டத்துக்கும் ஒரு சவப்பெட்டி வந்து சேர்ந்தது. முதலாளி சம்மதமில்லாமல் வேலை மாறுவதே கடினம் என்ற குவைத் போன்ற நாடுகளுக்கு எங்கள் பிள்ளைகள் கடன் வாங்கிக்கொண்டு ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்பவர்கள், அந்தத் திண்ணையை ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழக அரசு 2023 ஏப்ரலில் நிறைவேற்றியது. எதிர்ப்புக்குப் பின் பத்தே நாளில் திரும்பப் பெற்றது. எதிர்த்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் சட்டசபைக்கே போகாமல் எங்கள் தெருவில் அது நடந்துகொண்டிருக்கிறது.

வரும் ஜூலை 30 அன்று அந்தப் பன்னிருவர் பெயரையும் தங்கள் முதல் பக்கத்தில் வெளியிடுங்கள். தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: சோதனைக்குப் போகும்போது கைரேகைப் பதிவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேன் காலையில் எத்தனை மணிக்கு வாயிலைத் தாண்டுகிறது என்று காவலாளியின் நோட்டிலும் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மில் தொழிலாளியின் மகள்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.