கப்பலில் நம் பிள்ளைகளுக்கும் ஓர் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆழ்கடல் நுண்ணுயிர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மொரிசியஸில் தமிழில் இப்படி ஒரு விஷயம் வருவதே அபூர்வம். ஆனால் நம் கடல் செல்வத்தை ஜப்பானியர் அள்ளிக்கொண்டு போய்விட்டதாக எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கட்டுரையில் வரும் கைரெய் என்ற கடலடி வெந்நீர் ஊற்று, ரொட்ரிக்ஸ் தீவுக்கு வெகு தொலைவில் தென்கிழக்கே, 2,400 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அது நம் எல்லைக்குள் இல்லை, பொதுக்கடல். 2000-இல் ஜப்பானியர் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர், அதிக அழுத்தத்தில் வைத்தால் 122 டிகிரி செல்சியஸிலும் பெருகுகிறது என்று 2008-இல் காட்டினார்கள். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அது சாதாரண எண் அல்ல. ஒரு கிருமியும் மிஞ்சக்கூடாது என்று ஆட்டோக்ளேவ் என்ற நீராவிக் கருவியில் நாங்கள் வைக்கும் சூடு 121 டிகிரி! அதற்கும் மேலே அது குடும்பம் நடத்துகிறது.

நம் எல்லைக்குள் இருப்பவை 2009-இல் கண்ட சொலிடேர், டோடோ என்ற ஊற்றுகள். இரண்டும் நாம் அழியவிட்ட பறவைகளின் பெயர்கள். கட்டுரையில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சூடு தாங்கும் உயிரால் என்ன லாபம் என்பவர்கள் கோவிட் காலத்துப் பிசிஆர் பரிசோதனையை நினைத்துக்கொள்ளட்டும். அதில் மாதிரியிலுள்ள மரபணுவைப் பல படிகளாகப் பெருக்க, அதைத் திரும்பத் திரும்ப 95 டிகிரி வரை சூடாக்கி ஆற்ற வேண்டும். படியெடுக்கும் சாதாரண நொதி முதல் சுற்றிலேயே கெட்டுவிடும். டாக் என்ற நொதி தாங்கும். அது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1966-இல் எடுத்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. பிசிஆர் உரிமையை ரோஷ் கம்பெனி 1991-இல் 30 கோடி டாலருக்கு வாங்கியது. யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு ஒரு காசும் வரவில்லை. யாரும் திருடவில்லை, முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சர்க்கரையோ மீனோ என்றால் எத்தனை டன் போயிற்று என்று துறைமுகத்தில் எடை போட்டுவிடலாம். இதற்கு ஒரு கரண்டி சேறு போதும். மரபணு வரிசையைக் கணினியில் ஏற்றிவிட்டால் சேறுகூட வேண்டாம், எந்த நாட்டிலும் அதைப் பார்த்து நொதியைச் செய்துகொள்ளலாம். காவல் போட்டுப் பயனில்லை. உயிர்வளத்தால் வரும் பலனில் அது கிடைத்த நாட்டுக்கும் பங்கு தரச் சொல்லும் நகோயா நெறிமுறையில் நம் நாடு சேர்ந்திருக்கிறது, பொதுக்கடலுக்கான ஐ.நா. ஒப்பந்தமும் 2026 ஜனவரியில் அமலுக்கு வந்துவிட்டது. சரி, காகிதத்தில் உரிமை இருக்கிறது. எடுத்தது என்ன, அதன் மதிப்பு என்ன என்று சொல்ல நம்மிடம் ஆள் வேண்டாமா? நம் கடலில் ஆராய அனுமதி கேட்கும் ஒவ்வொரு கப்பலிலும் ரெடுயி பல்கலைக்கழகத்து மாணவருக்கோ அல்பியன் கடலியல் நிலையத்து இளைஞருக்கோ ஓர் இடம் கேட்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கு இங்கேயே மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருக்க வேண்டும். பணப் பேச்சு அப்புறம். (ஃப்ரீசருக்கு ஜெனரேட்டரும் சேர்த்துக் கேளுங்கள். சூறாவளி அடித்தால் கரண்ட் போகிற ஊர் இது.)

கப்பல் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். தமரின் பக்கத்துப் பழைய உப்புப் பாத்திகளுக்கு பஸ்ஸிலேயே போகலாம். உப்பு முற்றிய நீரில் வாழும் டுனாலியெல்லா என்ற நுண்பாசியை ஆஸ்திரேலியாவில் வளர்த்து, பீட்டா கரோட்டின் என்ற நிறச்சத்தை எடுத்து விற்கிறார்கள். நம் பாத்திகளில் என்ன வாழ்கிறது என்று எச்எஸ்சி மாணவர்களே ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்க்கத் தொடங்கலாம்.

கட்டுரையாளர் அடுத்து சொலிடேரைப் பற்றி எழுதட்டும். கப்பல்களுக்கு அனுமதி கொடுக்கும்போது நம்மவருக்கு இடம் கேட்கிறார்களா என்பதையும் அமைச்சகத்தில் விசாரித்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரிசியஸ்