குடும்ப வரலாற்று வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தமிழ்ச் சங்கத்தின் கீழ் இந்த வட்டம் தொடங்கியதே பிள்ளைகளுக்காகத்தான். ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் பெண் எடுத்த வீடுகளும் பெண் கொடுத்த வீடுகளும் நம்மில் பல. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழியில் திருநெல்வேலி, யாழ்ப்பாணம் என்று பூர்வீகம் சொல்ல ஆள் இருக்கிறது. மறு வழியில் டண்டீ, அபர்டீன் என்பதற்கு மேல் சொல்லப் பெரியவர்கள் இல்லாத வீடுகள் உண்டு. அந்தக் குறையைப் பதிவேடுகளைக் கொண்டு தீர்ப்பதே நம் வேலை.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பை இம்முறையும் 1855இல் இருந்துதான் தொடங்கினோம். அவ்வாண்டு ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசுப் பதிவாளரிடம் பதிவது ஸ்காட்லாந்தில் கட்டாயமானது. அதற்கு முந்திய காலத்துக்குப் பெரும்பாலும் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) பதிவேடுகளே கதி. அவற்றில் மிகப் பழையது பெர்த்ஷயரின் எரல் பாரிஷுடையது, 1553இல் தொடங்குகிறது. எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்ததால் ஏழைகள் பலர் பதியாமலே விட்டார்கள். 1843இல் திருச்சபை பிளந்து ஃப்ரீ சர்ச் பிரிந்தபோது போனவர்களின் பிள்ளைகள் வேறு ஏடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆகவே பாரிஷ் ஏட்டில் பெயர் இல்லை என்பதால் ஆளே இல்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் தேடலுக்குப் பயன்படுவது 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தவை. 1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்பதும் அதில் இல்லை. 1851இல் இருந்து உறவுமுறையும் பிறந்த பாரிஷும் வருகின்றன. 1861இல் இருந்து ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று ஒரு கட்டம். 1881இல் இருந்து ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் பேசுவோரைக் குறித்தார்கள். 1911இல் மணமான பெண்ணுக்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்றும் கேட்டார்கள். 2022 நவம்பரில் வெளிவந்த 1921 கணக்கெடுப்பு, வேலை கொடுத்த முதலாளியின் பெயரையும் சொல்கிறது.

இவ்வாண்டு நாம் முடித்த தேடல்களில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் மனைவிக்குப் பாட்டியின் பாட்டி டண்டீயில் சணல் ஆலைத் தொழிலாளி. வங்காளத்துச் சணலை நூற்ற ஊர் அது. ஆலைகளில் பெண்களே அதிகம். 1881 கணக்கெடுப்பில் ஜன்னல் உள்ள ஒரே அறையில் ஏழு பேரோடு இருக்கிறார். அவருடைய வயது 1861இல் 24, 1871இல் 32, 1881இல் 40, 1891இல் 52. இதை வைத்துக்கொண்டு பிறந்த ஆண்டைத் தேடினால் ஒரே பெயரில் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள்.

வழி காட்டியது அவருடைய மகளின் 1863ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவு. ஸ்காட்லாந்தில் பிறப்புப் பதிவிலேயே பெற்றோர் எங்கே, எந்த நாளில் மணந்தார்கள் என்று எழுதுவார்கள். 1856 முதல் 1860 வரை மட்டும் அது கிடையாது. அதன்படி 1858இல் ஃபார்ஃபரில் நடந்த திருமணப் பதிவை எடுத்தோம். மணமகளின் தந்தை பெயரும் தாய் பெயரும், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் அதில் இருந்தன. அந்த இரண்டு குடும்பப் பெயர்களையும் சேர்த்துத் தேடியபோது மணமகளின் கடைசித் தங்கை 1855இல் பிறந்தது கிடைத்தது.

அந்த ஓர் ஆண்டின் ஏடு தங்கச் சுரங்கம். பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், முன்பு பிறந்த பிள்ளைகளில் இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். பதிவாளர்களுக்கு வேலை தாளாமல் மறு ஆண்டே பல கட்டங்களை எடுத்துவிட்டார்கள். தாய்க்கு வயது 41, பிறந்தது பெர்த்ஷயரின் கிர்க்மைக்கேல் என்று அதில் கண்டோம். கிர்க்மைக்கேல் என்ற பெயரில் ஏர்ஷயர், பான்ஃப்ஷயர், டம்ஃப்ரீஸ்ஷயர் ஆகிய இடங்களிலும் பாரிஷ் உண்டு என்பதால் கவுண்டியின் பெயர் இல்லாவிட்டால் திண்டாடியிருப்போம். அந்த பாரிஷ் ஏட்டில் 1814ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவு இருந்தது. மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயரை வைப்பது ஸ்காட்லாந்து வழக்கம். நம் ஆலைத் தொழிலாளி வீட்டுக்கு மூத்த பெண். அவருடைய பெயரும் அந்த ஏட்டில் கண்ட பாட்டியின் பெயரும் ஒன்றே. தாத்தா பாட்டி பெயர் வைத்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தேடல் முழுவதும் பெண் வழியாகவே போனது என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். இந்நாட்டு இறப்புப் பதிவில்கூடத் தாயின் பிறந்தவீட்டுப் பெயரைக் கேட்டு எழுதுகிறார்கள். தகப்பன் வழிக் குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் பாதி வம்சத்தை விட்டுவிடுகிறார்கள். வரும் ஆண்டில் ஒவ்வொருவரும் தாய்வழியில் ஒரு கிளையையாவது எடுத்து முடிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கணக்கெடுப்பில் கண்டதைப் பிறப்பு அல்லது திருமணப் பதிவோடு ஒத்துப் பார்க்காமல் குடும்ப மரத்தில் எழுதவும் வேண்டாம்.

பிறந்த மணி நேரமும் ஸ்காட்லாந்துப் பிறப்புப் பதிவில் இருக்கும் என்பது தெரிந்து, ஜாதகம் கணிக்கலாமா என்று கேட்ட அம்மாக்கள் உண்டு. நேரமும் ஊரும் இருக்கின்றன. கணிப்பது அவரவர் விருப்பம்.

வசந்த காலத்தில் எடின்பரோ சென்று, பிரின்சஸ் தெருவின் கிழக்குக் கோடியில் உள்ள அரசுப் பதிவேடுகளைத் தேடிப் பார்க்கும் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் மையத்தில் ஒரு நாள் முழுவதும் தேடினோம். பிறப்புப் பதிவு 100 ஆண்டும், திருமணம் 75 ஆண்டும், இறப்பு 50 ஆண்டும் கடந்தால்தான் இணையத்தில் படமாகப் பார்க்கலாம். அண்மைக் காலப் பதிவுகளை அங்கே நேரில் பார்க்க முடிந்தது பெரிய உதவி. வட்டக் கூரையின் கீழ் அடுக்கடுக்காக நிற்கும் மூல ஏடுகளில் பிறப்புக்குச் சிவப்பு, இறப்புக்குக் கறுப்பு, திருமணத்துக்குப் பச்சை என்று அட்டை நிறம். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார்கள். கிளாஸ்கோ வேர் உள்ளவர்கள் மிட்செல் நூலகத்திலுள்ள ஏழைகள் நிவாரண விண்ணப்பங்களையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஒரு விஷயம் மனத்தை உறுத்தியது. பதிவின் ஓரத்தில் குறிப்பு இருந்தால் திருத்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் தந்தை இன்னார் என்ற நீதிமன்றத் தீர்ப்பு அதில் இருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தபோது வீட்டுப் பெரியவர் ஒருவர் மனம் வருந்தினார். ஆகவே உயிரோடிருக்கும் குடும்பத்தாரின் சம்மதமின்றி எந்த மரத்தையும் பொதுவில் வைப்பதில்லை என்று செயற்குழு தீர்மானித்தது. இதைப் பொதுக்குழு உறுதி செய்ய வேண்டுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கூடம் தந்து உதவிய நூலக ஊழியர்களுக்கும், பழைய கையெழுத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த உள்ளூர் நண்பர்களுக்கும் நன்றி. வரும் ஆண்டில் கையெழுத்து வாசிப்பு வகுப்பை மாதம் ஒருமுறை நடத்தவும், எடின்பரோ பயணத்துக்கு மாணவர்களின் கட்டணத்தில் பாதியை வட்டமே ஏற்கவும் உத்தேசம். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்