அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலேயே கணினி பூட்டுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இணையத்தில் படித்தேன். மற்றதெல்லாம் சரி, ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கிற இடத்தில் "பொருந்துகிற கேபிளைச் செருகினால் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கார்டு எரிவதே அந்த வரியால்தான்.

நான் சாட்ஸ்வொர்த்தில் கணினி பழுது பார்க்கிறவன். 2023-இல் லோட் ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கரண்ட் போய்ப் போய் வந்து பவர் சப்ளை செத்த கணினிகள் நிறைய வந்தன. புதுப் பவர் சப்ளை வாங்குகிறவர்களில் சிலர், கேபிளை உருவி மறுபடி கட்டச் சோம்பல்பட்டு, பழைய கேபிள்களை அப்படியே விட்டு மறுமுனையை மட்டும் புதுப் பவர் சப்ளைப் பெட்டியில் செருகிவிடுகிறார்கள். கழற்றி மாட்டும் மாடுலர் வகையில் இது பெரிய ஆபத்து. கார்டுப் பக்கத்து முனைதான் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்று, பெட்டிப் பக்கத்து முனைக்குப் பொது விதி எதுவும் கிடையாது, ஒருவர் 12 வோல்ட் விட்ட துளையில் இன்னொருவர் கிரவுண்ட் வைத்திருப்பார், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறுவதும் உண்டு. கேபிள் அழகாக உள்ளே போகும், சுவிட்சைப் போட்டதும் கார்டும் போகும்.

கணினியின் மூளையான சிபியுவுக்கான 8 பின் கேபிளைக் கார்டில் செருகுவதும் அப்படித்தான். அது 4+4 என்று பிரியும், கார்டுக்கானது 6+2 என்று பிரியும். இரண்டிலும் 12 வோல்ட் வருகிற வரிசை நேர் எதிர். அழுத்தித் திணித்தால் ஷார்ட்தான்.

அப்புறம் வாட் கணக்கு. கார்டு உட்காரும் மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் இன்னொரு 75, 8 பின் 150. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள்; ஒரே கேபிளில் தொங்கும் இரட்டைத் தலை சின்ன கார்டுக்குச் சரி, பெரியதற்கு வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா மின்முனையிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுக்க மலிவாகக் கிடைக்கும் மாற்றியைத் தொடவே வேண்டாம். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான், அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும்.

பெரிய கார்டுகளில் வரும் புதிய 16 பின் முனை வேறு கதை. 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர், அவ்வளவும் கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு முனை வழியாகப் போகிறது. 2022 அக்டோபரில் என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்த கையோடு முனை உருகிய படங்களும் வந்தன. முழுசாகச் செருகாததுதான் பெரும்பாலும் காரணம் என்றது என்விடியா. அதற்குப் பிறகு வந்த திருத்திய வடிவத்தில், கேபிள் செருகியிருப்பதைக் கார்டுக்குச் சொல்லும் சின்னச் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள், சரியாக உட்காராவிட்டால் கார்டு கரண்டே இழுக்காதபடி. எது இருந்தாலும் இடைவெளி தெரியாத வரை அழுத்துங்கள், முனையை ஒட்டிக் கேபிளை மடக்காதீர்கள்.

இங்கே பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது, தாத்தா பாட்டி படித்துச் சொன்னால்தான் உண்டு. அதனால் திருத்தத்தைப் பொடி எழுத்தில் மூலையில் போடாமல், அதே இணைப்பில், 6+2 எது 4+4 எது என்று படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்