கசகசாவும் சுடுநீர்க் குழாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வளைகுடா வேலை பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் வாய்விட்டுப் படித்தேன். உம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் கேட்டார்கள். துபாயில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை என்று அதில் இருக்கிறது. அது பழைய கணக்கு. 2022 ஜனவரியிலிருந்து அங்கே அரசு அலுவலகங்களுக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை, வெள்ளி அரை நாள் வேலை. ஷார்ஜாவில் மட்டும் வெள்ளியையும் சேர்த்து மூன்று நாள். ஏழு ஆண்டுகள் அங்கே குடும்பம் நடத்திவிட்டு 2023இல் ஊர் திரும்பியவள் நான். இந்தப் பிழையைச் சுட்டிக்காட்ட நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரியில் நிற்கவில்லை.

கட்டுரையில் சம்பளம் இருக்கிறது, விசா வகைகள் இருக்கின்றன, போலி முகவர்களிடம் ஏமாறாதீர்கள் என்ற எச்சரிக்கை இருக்கிறது. எல்லாம் வேண்டியவைதான். போய் இறங்கிய மறுநாள் காலை குளியலறையில் எந்தக் குழாயைத் திறப்பது என்று மட்டும் இல்லை. சிரிக்காதீர்கள். நான் போனது 2016 ஜூலையில். துபாயின் தேரா பகுதியில் ஒரு பழைய கட்டடம், மூன்றாவது மாடி, ஒற்றை அறை வீடு. நீலப் புள்ளி போட்ட குழாயைத் திறந்தால் கை பொசுங்கும்படி வெந்நீர் கொட்டியது. பச்சைத் தண்ணீரே வெந்நீராக வந்தால் சிவப்புக் குழாயில் என்னதான் வரும் என்று பயந்து அதைத் தொடவே இல்லை. இரவே வாளியில் பிடித்து, ஏசி அறைக்குள் வைத்து ஆறவிட்டு, காலையில் குளிப்பேன். ஐந்து வாரம் இப்படி ஓடியது.

ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தொண்டிக்காரப் பெண் அறைக்குள் வாளி இருப்பதைப் பார்த்துவிட்டாள். “ஹீட்டரை அணைத்துவிட்டுச் சிவப்புக் குழாயைத் திறங்கள், லாத்தா” என்றாள். லாத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. திறந்தேன். எங்கள் வீட்டுக் கிணற்று நீர் போல வந்தது. மொட்டைமாடித் தொட்டியில் நாளெல்லாம் வெயிலில் காய்ந்த தண்ணீர் நேராக நீலக் குழாய்க்கு வருகிறது. ஹீட்டரின் தொட்டியோ ஏசி ஓடும் வீட்டுக்குள் இருக்கிறது. அணைத்துப் போட்டால் அதில் நிற்கும் தண்ணீர் ஆறிக் குளிர்ந்துவிடும். கோடையில் நீலம் சூடு, சிவப்பு குளிர்ச்சி. பனிக்காலம் வந்ததும் பழையபடி மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய கட்டடங்களில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தையாம். என் கணவருக்கும் தெரியும். அவர் விடியற்காலையில் குளித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார், நான் வாளி சுமந்ததைக் கவனிக்கவில்லை. கேட்டபோது, “இதைக்கூடவா சொல்லித் தருவார்கள்?” என்றார்.

ஆசிரியர் அவர்களே, என் புகாரெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. கீழக்கரையில் நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்த வீட்டிலேயே, உம்மாவின் குரல் எட்டும் தூரத்தில் இருப்பாள். உப்பு கூடினால் சரிசெய்ய ஒருவர், பிள்ளை அழுதால் தூக்க ஒருவர் என்று வளர்ந்தவள் நான். புகுந்த வீடு என்பதையே அறியாதவள் நேராகப் புகுந்த நாட்டில் போய் இறங்கினால் யாரிடம் கேட்பாள்? தொலைபேசியில் உம்மாவைக் கேட்கலாம் என்றால், நான் இருந்த காலத்தில் அங்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், பேச முடியாது. பேசுவதற்கு வேறொரு செயலிக்குச் சந்தா கட்ட வேண்டும். நம் கடிகாரத்துக்கு அவர்களுடையது ஒன்றரை மணி நேரம் பின்னால் வேறு. நான் அடுப்பை மூடிவிட்டு நிமிரும் நேரத்தில் இங்கே உம்மா இஷா தொழுதுவிட்டுப் படுத்திருப்பார்.

கசகசாவைச் சொல்லியே ஆக வேண்டும். நம் குருமாவுக்கு அதை அரைத்து ஊற்றாமல் கை ஓயாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் வரிசையில் வைத்துப் பார்க்கிறார்கள். நான் கிளம்புவதற்கு முந்தின இரவு பெட்டி கட்டி முடித்து, தொதல் டப்பாவுக்கும் மிளகாய்ப்பொடிக்கும் நடுவில் உம்மா அரைக்கிலோ கசகசாவைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். தற்செயலாகப் பேச்சுவாக்கில் கணவரிடம் சொன்னேன். மறுமுனையில் அவர் போட்ட சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது. பெட்டியைக் கவிழ்த்து, முடிச்சைப் பிரித்தால், இண்டு இடுக்கெல்லாம் கசகசா. இரவு இரண்டு மணிக்கு நானும் உம்மாவும் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு பெட்டியின் தையல் ஓரங்களில் ஊசியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தோம். மதுரை விமான நிலையம் போகும் வழியெல்லாம் எனக்குக் கை நடுக்கம். எங்கள் தெருவில் சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போய்வந்த ஆண்கள் எத்தனையோ பேர். ஒருவராவது இதை எந்தப் பெண்ணிடமாவது சொல்லியிருந்தால் அந்த இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்தது பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முதலெழுத்துதான். பாஸ்போர்ட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறதே என்று வாப்பாவின் பெயரை அதில் எழுதிவிட்டோம். (ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று 2022 நவம்பரில் அறிவிப்பு வந்து எத்தனையோ பேர் கலங்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.) விசாவுக்காக ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கும் இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் கதவைத் திறந்து என் வாப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தாள். வாப்பா மவுத்தாகி (இறந்து) அப்போது இரண்டு வருடம். நான் எழுந்திருக்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் முறை அவள் எரிச்சலோடு அழைத்த பிறகுதான் அது நான் என்று உறைத்தது. பிறகு ஏழு ஆண்டுகளும் அந்த ஊரில் வாப்பாவின் பெயரில்தான் வாழ்ந்தேன். பழகிப் பழகி, கடைசியில் அது பிடித்தும்போனது.

காகிதங்களைப் பற்றி விரிவாக எழுதினால் நீங்கள் பக்கம் ஒதுக்க முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகை பெரும்பாலும் பின்தேதியிட்ட காசோலையில். காசோலைக்கு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்கு அடையாள அட்டை. அட்டைக்கு விசா. மனைவியை அழைக்க வேண்டுமென்றால் ‘இஜாரி’ என்று அரசில் பதிந்த வாடகை ஒப்பந்தம். மின்சாரமும் தண்ணீரும் வரவும் அதே இஜாரிதான், கூடவே 2,000 திர்ஹாம் முன்பணம். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கக் கயிறு வேண்டும், கயிறும் வாளியோடு கிணற்றுக்குள் என்ற கதை. எங்கள் நிக்காஹ் பள்ளிவாசல் தப்தரில், அதாவது பதிவேட்டில், இருக்கிறது, அது போதும் என்று நினைத்திருந்தோம். போதாது. அரசுப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அதன் முதுகில் மாநில அரசு, நம் வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று மூன்று முத்திரை. அங்கே போனதும் நான்காவது. இந்த வேலையை எடுத்துச் செய்கிறேன் என்று பணம் வாங்கிய ஒருவர் மூன்று மாதம் இழுத்தடித்தார். அவர் பெயர் இப்போது எதற்கு? சான்றிதழ் கைக்கு வந்ததும் அவரை மறந்துவிட்டேன்.

வீட்டுக்குத் தபால்காரர் வரமாட்டார். கணவரின் கம்பெனித் தபால்பெட்டி எண்தான் எங்கள் முகவரி. நம் மிக்சியின் உருண்டை முள் அங்கே சுவர்த் துளையில் நுழையாது. ஊரில் பதினைந்து வருடம் வண்டி ஓட்டிய என் கணவர் அங்கே நான்காம் முறைதான் ஓட்டுநர் தேர்வில் தேறினார். முதல் மூன்று முறையும் தோற்றதை ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். (இந்த வரியைக் கத்தரித்துவிட்டால் நன்றி உடையவளாவேன்.) ஒரு நாள் நெத்திலிக் கருவாடு வறுத்தேன். எண்ணெய் அடங்குவதற்குள் நாத்தூர், அதாவது கட்டடக் காவலாளி, கதவைத் தட்டினார். எதுவும் செத்துக் கிடக்கிறதா என்று பார்க்க வந்தாராம். அன்று நான் பட்ட அவமானத்தில் ஆறு மாதம் கருவாட்டைத் தொடவில்லை.

எல்லாம் துன்பம்தான் என்று சொல்லவரவில்லை. ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா படகில் ஏறி, தேராவிலிருந்து பர்துபாய்க்குப் போகும் அந்தச் சில நிமிடங்களில் டீசல் வாடையும் உப்புக்காற்றும் சேர்ந்து அடிக்கும்போது, எங்கள் ஊர்ப் படகுத்துறையில் நிற்பது போலவே இருக்கும். பெருநாளன்று அதில்தான் போய் வருவோம். அங்கே பெரும்பாலும் ஒரு நாள் முந்திவிடும். நாங்கள் புத்தாடையில் படகில் இருக்க, இங்கே உம்மா கடைசி நோன்போடு இருப்பார். “சாப்பிட்டாயா?” என்று நோன்பு வாயோடு கேட்பார்.

ஏன் யாரும் சொல்வதில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். விடுமுறையில் வரும் சபராளி பெட்டியைத் திறந்தால் சென்ட் மணக்கிறது, மிட்டாய் வருகிறது, தலைவலித் தைலம் வருகிறது. வாளியில் தண்ணீர் ஆறவைத்த கதை வருவதில்லை. என் பாட்டனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர். கடையில் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று சாகும்வரை சொன்னார். போன முதல் வாரம் எங்கே படுத்தார் என்று ஒருநாளும் சொல்லவில்லை. தெரியாமல் விழித்ததைச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற நினைப்பு. அதனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக விழிக்கிறோம்.

உங்கள் இணைப்பிதழில் வாரம் ஒரு சிறு பெட்டி ஒதுக்குங்கள். போய்வந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், ஆளுக்கு ஐந்து வரி எழுதட்டும். தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், எங்கள் கீழக்கரை என்று கரையோரம் முழுக்க ஆள் இருக்கிறார்கள், கேட்டால் கொட்டுவார்கள். சம்பளப் பட்டியலைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை.

கசகசா குறிப்பை மட்டுமாவது இந்த மாதமே போடுங்கள். பெருநாள் கழித்து எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் கிளம்புகிறார்கள். இரண்டு வீட்டிலும் இப்போதே மசாலா வறுக்கும் வாசம் வருகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.