வங்கிக் கணக்கு என்ன வேடிக்கைப் பொருளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யார் யாருக்கு எதற்காகப் பணம் அனுப்பினார் என்பதை நண்பர்களுக்கெல்லாம் காட்டும், இளைஞர்களுக்கான வங்கிச் செயலிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'நண்பர்களின் செலவு கண்ணில் பட்டால் இளைஞர்கள் சிக்கனமாவார்கள்' என்ற வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது.

31 ஆண்டுகள் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் நான். இருப்பு எவ்வளவு என்று கேட்டால் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, கம்பிக்கு அடியில் தள்ளுவோம். வரிசையில் பின்னால் நிற்பவர் அவருடைய சொந்தத் தம்பியாக இருந்தாலும் அதுதான் வழக்கம். பழைய பஞ்சாங்கம் என்பார் கட்டுரையாளர். என்னவாவது சொல்லிக்கொள்ளட்டும்.

என் மகள் இப்படியொரு செயலியில் தோழிக்குப் பணம் அனுப்பினாள். 'எதற்காக' என்ற கட்டத்தை நிரப்பாமல் அது நகரவிடாதாம். அரிச்சந்திரன் வீட்டுப் பெண், 'டாக்டர் பீஸ்' என்று உண்மையையே எழுதிவிட்டாள். மறுநாள் பல் துலக்குவதற்குள் மூன்று பேர் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். மூன்றாமவர் அவளுடைய மேலதிகாரி. ஒரு புண்ணியவான் அந்த வரிக்கு இதயக்குறி போட்டிருந்தார்!

அமெரிக்காவில் பணம் அனுப்ப உதவும் வென்மோ என்ற செயலியின் கதை தாங்கள் அறியாததல்ல. தொகை மட்டும் தெரியாது. யார், யாருக்கு, எதற்காக என்பதெல்லாம் ஊரறியப் பதிவாகும். வேண்டாமென்றால் நாமே தேடிப்போய் மாற்ற வேண்டும். அந்தரங்க அமைப்புகள் குறித்துப் பயனர்களைத் திசைதிருப்பியதாக அந்நாட்டு ஃபெடரல் வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2018-இல் சமரசம் ஆனது. 2021 மே மாதம் அப்போதைய அதிபர் பைடனின் வென்மோ கணக்கையே செய்தியாளர்கள் பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்தார்கள். முன்பின் தெரியாதவர்களும் பார்க்கும் பொதுப் பட்டியல் அதன்பிறகே, அந்த ஜூலையில்தான், எடுக்கப்பட்டது. அதிபருக்கே அந்தக் கதி என்றால் என் மகள் எம்மாத்திரம்?

செலவைப் பங்கிடும் வசதியை நான் குறை சொல்லவில்லை. கேட்கக் கூச்சப்படும் காசைச் செயலியே கேட்டு வாங்கித் தருவது உபகாரம்தான். ஆனால் நான்கு பேர் பங்கிட்டதை நானூறு பேர் ஏன் பார்க்க வேண்டும்? இதே வங்கிகள்தான் பாஸ்புக்கை நீட்டும் முதியவரை 'செயலியில் பாருங்கள்' என்று திருப்பி அனுப்புகின்றன. எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி எத்தனை மனு! அதற்கு ஆள் கிடையாது. பணம் போனதும் திரையில் வண்ணக் காகிதம் தூவ மட்டும் ஆள் இருக்கிறது. இதைப் பற்றிச் சென்ற ஆண்டே தங்களுக்கு எழுதினேன். இடமில்லாமல் போயிருக்கும், புரிந்துகொள்கிறேன். அந்த வாரக் குறுக்கெழுத்துப் போட்டி முழுப் பக்கம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இத்தகைய செயலிகளில் 'எனக்கு மட்டும்' என்று மாற்றும் இடம் எங்கே ஒளிந்திருக்கிறது, பழைய பதிவுகளையும் சேர்த்து மறைப்பது எப்படி என்று அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். நானும் மகளும் ஆறு திரை தாண்டித்தான் கண்டுபிடித்தோம். எழுத்து சற்றுப் பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்