சங்கரலிங்கத்துக்கு, ஐரோப்பாவில் சாப்பிட்ட கதை

அன்புள்ள சங்கரலிங்கம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் எனக்கும் மல்லிகாவுக்கும் பெரிய நிம்மதி. தங்கச்சி இன்னமும் விடியற்காலையில் எழுந்து மசாலா அரைக்கத் தானே நிற்கிறாளாமே? அவள் கைக்குத்தான் உன் மெஸ் இத்தனை காலம் ஓடியது, உண்மைதான். ஆனாலும் இனிமேல் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தூங்கச் சொல்.

நாங்கள் நலம். பிராங்பர்ட்டில் பேத்தி நடக்கப் பழகிவிட்டாள். மகளும் மாப்பிள்ளையும் லீவு போட்டு எங்களை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோபுரம், மியூசியம், அரண்மனை எல்லாம் பார்த்தோம். அதைப் பற்றி எழுதினால் நீ பாதியிலேயே கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய், தெரியும். "அங்கே நினைவில் நிற்கிற மாதிரி என்ன சாப்பிட்டாய், எந்தக் கடையில்?" என்றுதானே கேட்டிருந்தாய். அதோடு, உன் அக்கா மகன் மெஸ்ஸை எடுத்து நடத்த முன்வந்திருப்பதையும், தந்தூரி, சைனீஸ் என்று நாற்பது ஐம்பது ஐட்டம் சேர்த்துப் பெரிய மெனு கார்டு அடிக்க வேண்டும் என்று அவன் சொல்வதையும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். அங்கே ஒவ்வொரு பழைய கடையில் உட்கார்ந்தபோதும் உன் கடைதான் என் மனதில் ஓடியது.

முதலில் இத்தாலியின் நேப்பிள்ஸ். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். செர்சாலே தெருவில் 'தா மிக்கேலே' என்று ஒரு பீட்சா கடை. கொந்தூர்ரோ குடும்பம் 1870 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது, இப்போதுள்ள இடத்துக்கு 1930இல் வந்திருக்கிறார்கள். வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டும். உள்ளே பளிங்கு மேஜை, வெள்ளைச் சுவர், மூலையில் விறகு அடுப்பு. வேறு அலங்காரம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அங்கே கிடைத்தது இரண்டே வகை: மார்கெரீட்டா, மாரினாரா. சமீபத்தில் ஓரிரண்டு சேர்த்திருக்கிறார்கள், ஆனாலும் வருகிறவர்கள் கேட்பது அந்த இரண்டைத்தான். மாரினாராவில் சீஸ்கூடக் கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். சைவக்காரி மல்லிகா யாரிடமும் எதையும் விசாரிக்காமல் நிம்மதியாகச் சாப்பிட்ட இடம் அது.

அடுப்படிக்கு நேர் எதிரே எங்களுக்கு இடம் கிடைத்தது. நீ இருந்திருந்தால் சாப்பாட்டை மறந்து மாஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். மாவில் சேர்வது மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும். மணிக்கணக்காகப் புளித்த உருண்டையை எடுத்து, நடுவிலிருந்து விரலால் காற்றை ஓரத்துக்குத் தள்ளுகிறார். கட்டை கிட்டையெல்லாம் இல்லை, எல்லாம் கைதான். அந்த ஊர் முறைப்படி அடுப்பின் சூடு 450 டிகிரி செல்சியஸுக்கு மேலே கூடப் போகும். பீட்சா உள்ளே இருப்பது ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிடம். அந்த வேகத்தில் ஓரம் உப்பி அங்கங்கே கருகுகிறது, நடுப்பகுதி ஈரம் போகாமல் துவண்டு நிற்கிறது. தட்டுக்கு வெளியே தொங்கும் அளவுக்குப் பெரிது. நம் ஊரில் பெட்டியில் வருவது முறுமுறுவென்று தூக்கிக் கடிக்கிற சங்கதி. இதை மடித்துத்தான் சாப்பிட முடியும். நேப்பிள்ஸ் பீட்சா மாஸ்டர்களின் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017இல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஒரு மாஸ்டரின் கைக்கு உலகம் அப்படி மரியாதை செய்ததைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உன் புரோட்டா மாஸ்டரிடமும் இதைச் சொல்.

அப்புறம் வியன்னா. டொரோதேயர் சந்தில் ஹவெல்கா என்று ஒரு காபிக் கடை இருக்கிறது. லியோபோல்ட் ஹவெல்காவும் அவர் மனைவி ஜோசஃபீனும் 1939இல் தொடங்கியது. அந்த வருடமே போர் வந்து கடையை மூட வேண்டியதாயிற்று. 1945இல் திரும்பத் திறந்தார்கள். எழுத்தாளர்களும் ஓவியர்களும் நாள் முழுக்க உட்கார்ந்து கிடந்த இடம். அந்த அம்மாள் இரவில் ஒரு பன் சுடுவாராம், உள்ளே பிளம்ஸ் பழத்தைக் கெட்டியாகக் காய்ச்சி வைத்து. புக்டெல்ன் என்று பெயர். அதைத் தின்னவே ஜனங்கள் ராத்திரி நேரத்தில் கூடுவார்கள். அவர் 2005இல் காலமானார். லியோபோல்ட் நூறு வயது வாழ்ந்து 2011இல் போய்ச் சேர்ந்தார். இன்றும் குடும்பம்தான் நடத்துகிறது, இன்றும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் அந்தப் பன் அடுப்பிலிருந்து வெளியே வரும். நாங்கள் போனது மழை இரவு. பழைய சோபா, மங்கிய விளக்கு, சுவர் நிறைய போஸ்டர். சூட்டோடு பிட்டபோது வந்த வாசனையை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது.

வியன்னா காபிக் கடைகளின் பழக்கம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. காபியைச் சின்ன வெள்ளித் தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு கொண்டுவருவார்கள். காபி தீர்ந்த பிறகும் நீ உட்கார்ந்திருக்கலாம். எழுந்து போ என்று யாரும் குறிப்புக் காட்ட மாட்டார்கள், தண்ணீரைத்தான் மாற்றி வைப்பார்கள். பேப்பர் படிக்கக் கட்டையில் செருகி வைத்திருக்கிறார்கள். ஒரு காபிக்கு ஒரு மத்தியானம். டேபிள் காலியானால்தான் லாபம் என்று கணக்குப் போடுகிற தொழிலில், இப்படி ஒரு மரியாதையைத் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

பாரிஸில் மகள் எங்களைப் பெரிய நட்சத்திர ஓட்டலுக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டாள். நான்தான் வேண்டாம் என்று சொல்லி 'பூயோன் ஷார்த்தியே'வுக்குப் போகச் சொன்னேன். பூயோன் வகைக் கடைகளின் கதை உனக்குப் பிடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் துவால் என்ற கசாப்புக் கடைக்காரர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மலிவாகக் கறியும் சூப்பும் கொடுக்க ஆரம்பித்தார். அது பரவி, 1900 வாக்கில் பாரிஸில் மட்டும் ஏறத்தாழ 250 பூயோன்கள் இருந்தனவாம். ஷார்த்தியே 1896இல் அண்ணன் தம்பி இருவர் திறந்தது. உயரமான கண்ணாடிக் கூரை, பெரிய கண்ணாடிகள், தொப்பி வைக்கப் பித்தளைத் தட்டுகள். வாடிக்கையாளர்கள் தங்கள் துணி நாப்கினைப் போட்டு வைக்க எண் போட்ட மர இழுப்பறைகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. தினமும் வருகிற கூலிக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் கடையில் ஒரு சொந்த இழுப்பறை! எவ்வளவு பெரிய மனது.

கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வைப்பார்கள். கறுப்பு வெய்ஸ்ட்கோட், வெள்ளை ஏப்ரன் கட்டிய சப்ளையர் நாம் சொல்வதை மேஜை விரிப்புக் காகிதத்திலேயே எழுதுகிறார். கடைசியில் அங்கேயே கூட்டிப் போட்டு விலையைச் சொல்கிறார். அவித்த முட்டையும் மயோனைஸும் இரண்டு மூன்று யூரோ. துருவிய கேரட், வெங்காயத்தாள் போல இருக்கும் லீக், வறுத்த உருளைக்கிழங்கோடு இறைச்சி, எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான். அந்த நகரத்தின் நடுவில், அந்த அழகான கூடத்தில், சாதாரண மனிதன் கையைக் கடிக்காமல் சாப்பிட முடிகிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. தண்ணீருக்குக் காசில்லை. பிரான்ஸில் சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சப்ளையருக்கான தொகையும் விலையிலேயே அடக்கம். எவ்வளவு டிப்ஸ் வைப்பது என்று மல்லிகா குழம்ப வேண்டியிருக்கவில்லை.

பாரிஸில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகள் வீட்டுத் தோழி ஒருத்தி சொன்ன சின்ன உணவகம், பத்துப் பன்னிரண்டு மேஜைதான். வாத்துக் காலை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்து, கடைசியில் தோல் முறுகும்படி வாட்டி எடுத்த ஓர் ஐட்டம். அப்படி ஒரு பக்குவம்! மாஸ்டரைப் பார்க்க முடியுமா என்று கேட்டோம். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். "எப்பிடி அண்ணை சாப்பாடு? உறைப்பு காணாது எண்டு நினைச்சிருப்பியள்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எண்பதுகளின் கடைசியில் வந்தவராம். கோப்பை கழுவினார், பிறகு காய் வெட்டினார், பிறகு அடுப்புக்கு நகர்ந்தார். முதலாளிகள் மாறிவிட்டார்கள், அடுப்பில் அவர் மாறவில்லை. பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இப்படித்தான் வந்து நிலைத்திருக்கிறார்கள். பாரிஸ் நகரம் வருடா வருடம் நடத்தும், பகெத் என்ற நீள ரொட்டிக்கான போட்டியில் 2023இல் முதல் பரிசு வாங்கியவர் இலங்கையிலிருந்து போன தர்ஷன் செல்வராஜா. பரிசோடு, ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுக்கிற கௌரவமும் கிடைக்கும். பிரெஞ்சுக்காரன் உயிராக நினைக்கும் ரொட்டியை அவர்களுக்கே சுட்டுக் காட்டி ஜெயித்திருக்கிறார் பார்.

லிஸ்பனில் பெலேம் கடையின் முட்டை டார்ட்டை இலவங்கப்பட்டைத் தூள் தூவிச் சூடாகத் தின்றோம். 1837 முதல் நடக்கும் கடை, மடத்துத் துறவிகளிடமிருந்து வந்த பக்குவம். பூட்டிய அறைக்குள் ரகசியமாகக் கலவை போடுகிறார்கள். ருசி, சந்தேகமே இல்லை. சந்தடிதான் அதிகம்.

மாட்ரிட் கடைக்கு வருகிறேன், இது உனக்காகவே. பொத்தீன் என்று பெயர், 1725இல் தொடங்கியது. விடாமல் நடக்கும் உலகின் மிகப் பழைய உணவகம் என்று கின்னஸ் ஏற்றுக்கொண்டது இதைத்தான். அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் இறைச்சியைத் தாங்களே வாங்கி வருவார்களாம், இவர்கள் சமைத்து மட்டும் கொடுப்பார்களாம். பால்குடி மறவாத பன்றிக்குட்டியை மண் சட்டியில் வைத்து விறகு அடுப்பில் சுடுவதுதான் இன்றுவரை கடையின் அடையாளம். அடுப்பு பழைய அடுப்பேதான். தொடங்கிய பொத்தீன் தம்பதிக்குப் பிறகு கடை மருமகன் முறையானவர் கைக்குப் போனது, இருபதாம் நூற்றாண்டில் கொன்சாலஸ் குடும்பம் வாங்கியது. பார், கடை பெற்ற பிள்ளைக்கே போக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. உன் மகன் பெங்களூரிலிருந்து வரப்போவதில்லை என்று நீ வருத்தப்பட்டு எழுதியதற்கு இதைத்தான் சொல்கிறேன். அக்கா மகன் தாராளமாக எடுத்து நடத்தட்டும். ஆனால் கொன்சாலஸ்காரர்கள் அடுப்பை இடிக்கவில்லை, பன்றிக்குட்டியைப் பின்னுக்குத் தள்ளவும் இல்லை. அதை அவனிடம் அழுத்திச் சொல். அவன் சேர்க்க நினைக்கும் தந்தூரிக்கு விருதுநகரில் வேறு கடைகள் உண்டு. உன் மட்டன் சுக்காவுக்கும் எண்ணெய் புரோட்டாவுக்கும் கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். ஐம்பது ஐட்டம் வந்தால் முதல்நாள் மசாலா ஃபிரிஜ்ஜில் ஏறும், அதன்பிறகு தங்கச்சியின் அம்மிக்கு என்ன வேலை?

தங்கச்சிக்கும் ஒரு சேதி. பிரான்ஸில் லியோன் என்ற ஊரில் யூஜெனி பிராசியே என்று ஒரு அம்மாள் இருந்தார். ஏழைக் குடியானவர் வீட்டுப் பெண், வீட்டு வேலைக்குப் போய்ச் சமையல் பழகி 1921இல் சொந்தக் கடை போட்டார். 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் உணவகங்களுக்குத் தரம் போடுகிற மிஷ்லான் புத்தகம் அதன் உச்சமான மும்மூன்று நட்சத்திரம் கொடுத்தது. அப்படி ஆறு நட்சத்திரம் வாங்கிய முதல் ஆள் அவர்தான், ஆண் பெண் இருபாலிலும். பிற்பாடு உலகப் புகழ் பெற்ற சமையல் மாஸ்டர் போல் பொக்யூஸ் அவரிடம் வேலை பழகியவர். அவர் கடை இருக்கும் தெருவில் நடந்துபோனோம், உள்ளே போக முன்பதிவு கிடைக்கவில்லை. மல்லிகா வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

எல்லாமே நல்ல அனுபவம் என்று சொல்ல மாட்டேன். இத்தாலியில் ஒரு பிரபலமான சதுக்கத்தில், வாசலில் ஆள் நின்று கூப்பிட்ட கடை ஒன்றில் ஆறிப்போன பாஸ்தாவுக்கு அநியாய விலை கொடுத்தோம். உங்கள் பயணத்துக்கு ஆகும் என்று எழுதுகிறேன்: ஆள் நின்று கூப்பிட்டால் நடையைக் கட்டு. இத்தாலியில் பல கடைகளில் உட்கார்ந்தாலே தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பில்லில் ஏறும், அது அங்கே வழக்கம், சண்டை போடாதே. பிரான்ஸில் மதியம் இரண்டு மணிக்கு மேல் பல கடைகளில் அடுப்பு அணைந்துவிடும். ஸ்பெயினில் இரவு ஒன்பதுக்கு முன்னால் போனால் கடையில் நீதான் தனியாக உட்கார்ந்திருப்பாய்.

பாஸ்போர்ட்டுக்கு இப்போதே எழுதிப் போடு, உன் காலும் சரியாகிவருகிறது. அடுத்த கோடையில் நால்வரும் சேர்ந்தே போகலாம், மகளிடம் சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் வைகாசியில் நாங்கள் அங்கே வருகிறோம். அக்கா மகனை அன்று கடையில் இருக்கச் சொல். நேப்பிள்ஸில் எடுத்த அடுப்புப் படங்கள் போனில் நிறைய இருக்கின்றன, அவனுக்குக் காட்ட வேண்டும். மதியப் பந்திக்கு முன்பே வந்துவிடுவோம். மல்லிகாவுக்கு மட்டும் ரசமும் ஒரு பொரியலும் தனியாக வைக்கச் சொல்லிவிடு.

அன்புடன்,
பாலு